அறிதல் அணுகுமுறையின் நிறை குறைகளை எப்படி எழுதுவது?

கேள்வி: நான் இளநிலை உளவியல் முதலாண்டு மாணவி. நினைவு, சிந்தனை போன்றவற்றைக் கணினி தகவலைக் கையாளுவதுபோலக் கருதி ஆராயும் அறிதல் அணுகுமுறையை மதிப்பிடச் சொன்ன கேள்விக்கு, 'அறிவியல்பூர்வமானது. ஆனால் மனிதனை இயந்திரமாகப் பார்க்கிறது' என்று எழுதினேன். 'பொத்தாம்பொதுவாக இருக்கிறது' என்று பேராசிரியர் குறித்துவிட்டார். வேறு எப்படி எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய இரண்டுமே சரிதான். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதுதான் விடையில் இல்லை. ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நிறையையும் குறையையும் காட்டுங்கள். இந்த அணுகுமுறையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளம்புகின்றன.

1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் அமெரிக்க மாணவர்கள் 45 பேருக்குக் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று அதிகமாகவும், 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைலுக்குச் சற்றுக் குறைவாகவும் சொன்னார்கள். அடுத்த ஆய்வில், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று 150 பேரிடம் கேட்டபோது, 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேரும், 'மோதியபோது' என்று மட்டும் கேட்டிருந்த 50 பேரில் 7 பேரும், வேகம் பற்றியே கேட்கப்படாத 50 பேரில் 6 பேரும் 'ஆம்' என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

இங்கேதான் நிறை தெரிகிறது. தூண்டலையும், அதற்கு வெளியே தெரியும் துலங்கலையும் (எதிர்வினையையும்) மட்டும் அளந்த நடத்தையியலாளர்கள் ஒதுக்கிவைத்த இடைவெளியை, அதாவது நினைவு தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும் அந்த இடத்தை, மற்ற எதையும் மாற்றாமல் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அளக்க முடிந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இதைத் திரும்பச் செய்து சரிபார்க்கலாம். சாட்சியின் வாயில் சொல்லைத் திணிக்காமல் அவரையே முதலில் விவரிக்க விடும் விசாரணை முறையை 1980களில் ஃபிஷரும் கைசல்மேனும் உருவாக்கியதும் இதே நினைவாராய்ச்சி மரபிலிருந்துதான்.

குறையும் அதே ஆய்வகக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு உயிர்ப்பயம் இல்லை. தவறாகச் சொன்னால் எவரும் சிறைக்குப் போகப்போவதும் இல்லை. கனடாவின் வான்கூவர் பகுதியில் துப்பாக்கிக் கடை வாசலில் நடந்த உண்மையான துப்பாக்கிச் சூட்டைக் கண்டவர்களில் 13 பேரை, நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் யூயிலும் கட்ஷாலும் பேட்டி கண்டு, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். திசைதிருப்பும் கேள்விகளைப் புகுத்தியும் அவர்களுடைய நினைவு பெரும்பாலும் குலையவில்லை. இதைக் கொண்டு லோஃப்டஸின் ஆய்வு பொய் என்று எழுதிவிடாதீர்கள். 13 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை, அங்கே எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆய்வகத்தில் கிடைத்த முடிவை வீதிவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதே கேள்வி. 1967இல் இத்துறையின் பெயரையே தலைப்பாக வைத்து நூல் எழுதிய உல்ரிக் நைசரே, 1976இல் ஆய்வகத்துக்குள் முடங்கிய இப்போக்கைக் கண்டித்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

சிகிச்சையைப் பற்றி எழுத இடமிருந்தால், எதிர்மறை எண்ணங்களை அடையாளம் கண்டு மாற்றப் பழக்கும் அறிதல் சிகிச்சையைக் குறிப்பிடுங்கள்; 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது அது. மனச்சோர்வுக்கு அது பயன்படுகிறது என்பது நிறை. ஆனால் எதிர்மறை எண்ணம் சோர்வுக்குக் காரணமா, அதன் விளைவா என்பதைச் சிகிச்சை பலித்ததை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

உங்கள் 'இயந்திரம்' வரியை அடிக்க வேண்டாம். அதை வான்கூவர் ஆய்வுக்கு அடுத்து வையுங்கள். உள்ளீடு, சேமிப்பு, வெளியீடு என்ற கணினி உவமையில், அந்தக் கடை வாசலில் நின்றவர்களின் அச்சத்துக்கு இடம் எங்கே என்று கேட்டு எழுதுங்கள்.