பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகும் முன்

வணக்கம்.

வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை, தாம்பூலப் பை, சில்லறைச் சாமான் எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் என்கிறான் மகன். எனக்கு மனம் வரவில்லை. நம் பணம் சென்னை ஜார்ஜ் டவுன் சிறு கடைகளுக்குப் போகட்டும் என்று போன வாரம் நானும் மனைவியும் பாரிமுனை போனோம். ஒரு கடையில் "எத்தனை?" என்றார்கள். "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றதும் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்கள். இன்னொரு கடையில் பில் கேட்டவுடன் விலை ஏறியது. வேறொன்றில் கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதல் என்றார்கள். ஆதரிக்கப் போனவர்களை இப்படியா நடத்துவது? எந்தத் தெருவில் என்ன வாங்கலாம், எப்படி வாங்க வேண்டும் என்று எழுதுங்களேன்.

கே., வில்லிவாக்கம்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

மகளுக்கு வாழ்த்துகள்.

நீங்கள் ஆதரிக்க வந்திருக்கிறீர்கள் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்துக்கொண்டு அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று தெரிந்து வருகிறவர், பேசிய நாளில் மீதிப் பணத்தைக் கொடுக்கிறவர், அடுத்த தடவையும் வருகிறவர், இவரே அவருக்கு நல்ல வாடிக்கையாளர். நீங்கள் அப்படி ஒருவராக இருந்தால் போதும், வேறு ஆதரவு தேவையில்லை.

"எத்தனை?" என்று கேட்டதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்த வியாபாரத்தில் எண்ணிக்கை தெரியாமல் விலையே சொல்ல முடியாது. 100 அட்டைக்கு ஒரு ரேட், 500க்கு ஒரு ரேட். பல சரக்கு டஜன் கணக்கில் போகும், சில குரோஸ் கணக்கில், அதாவது 144. ஆண்டர்சன் தெருவில் வெறும் காகிதம் வாங்கினால் ரீம், அதாவது 500 தாள். காலையில் கடை திறந்ததும் போய் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது மட்டும் வேண்டாம். போணி ஆகாத நேரம் அது. விசாரிப்பதற்கு மட்டும் என்றால் பகல் பன்னிரண்டுக்கு மேல் போங்கள்.

தெருக்கள். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து உள்ளே போகும் ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாண அட்டையும். கோடவுன் தெருவில் துணி, பெரும்பாலும் கட்டாக. போட்டுப் பார்த்து ஒன்று எடுக்கலாம் என்று அங்கே போனால் ஏமாற்றம்தான். பத்திரியன் தெருவில் பூ. நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும் மருத்துவக் கருவிகளும். உங்களுக்கு அங்கே வேலையில்லை. காசிச் செட்டித் தெருவில் பொம்மை, பை, ஃபேன்சி சாமான். பாத்திரம், வெள்ளி, மிட்டாய் என்றால் மிண்ட் தெரு. கொத்தவால் சாவடிக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் மற்ற பல வியாபாரங்கள் இடம் பெயரவில்லை. காரணம் எளிது. ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் பையன் பக்கத்துக் கடைக்கு ஓடி எடுத்து வருவான். "இருங்க, வருது" என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அந்தப் பொருளின் விலையில் இரண்டு கடை லாபம் இருக்கும். மாடல் எண்ணைப் பார்த்துக்கொண்டு நாலு கடை தள்ளிக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பில் விஷயத்தில் இரண்டு வேறு சங்கதிகளை நீங்கள் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள் என்று படுகிறது. அங்கே வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். கட்டிய வரியை அவர்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். அதனால் வாயால் சொல்லும் ரேட் வரி சேர்க்காத ரேட்டாக இருப்பது அங்கே வழக்கம். பில்லில் வரி சேர்ந்தது என்றால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. கச்சா பில்லில், அதாவது கணக்கில் வராத துண்டுச் சீட்டில், தள்ளிவிடுவது வேறு, அது வரி ஏய்ப்பு. இரண்டையும் பிரித்தறிய முதல் கேள்வியையே மாற்றுங்கள்: "ஜிஎஸ்டி சேர்த்து, பில்லோட என்ன ரேட்?" இன்னொன்று: ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருக்கும் வியாபாரி காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கலாம். அவர் வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. அவர் பில்லிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். அதன் கீழே ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் கேள்வி கேளுங்கள். 200 ரூபாய்க்குக் குறைவான சில்லறை விற்பனைக்கு நீங்கள் கேட்காதவரை அவர் தனி பில் போட வேண்டியதில்லை.

அந்த 2 சதவீதம் கிரெடிட் கார்டுக்கு வங்கி கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம். சில சதவீத லாபத்துக்கு விற்கும் சரக்கில் அதைத் தாங்கச் சொல்வது அதிகம்தான். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினால் அவருக்குச் செலவில்லை. யுபிஐயிலேயே கிரெடிட் கார்டை இணைத்துப் பெரிய தொகை அனுப்பினால் அதற்கும் கட்டணம் உண்டு.

இனி பத்திரிகை. பணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான்.

கடையில் சொல்லும் விலை பெரும்பாலும் வெற்று அட்டைக்கும் கவருக்கும்தான். அச்சுக்கூலி தனி. அதுவும் எத்தனை நிறம், எத்தனை பக்கம் என்பதைப் பொறுத்தது. ஃபாயில், அதாவது பளபளக்கும் தங்க, வெள்ளித் தாள் எழுத்து, போட வேண்டுமென்றால் உலோக அச்சுக்கட்டை செய்ய வேண்டும். 100 அட்டைக்கும் 1000 அட்டைக்கும் அந்தச் செலவு ஒன்றுதான். ஆகவே "அட்டை, கவர், உள்தாள், அச்சு எல்லாம் சேர்த்து 450க்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். 450 என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பட்டியலில் 400 வீடு இருந்தால் பத்து சதவீதமாவது கூட அடிக்க வேண்டும். (வீட்டுக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல.) பிறகு 50 மட்டும் தனியாக அடிக்கப் போனால் ஸ்க்ரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்) கட்டி, இயந்திரத்தைச் சரிசெய்து, மை கலந்து எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். கூலி ஏறக்குறைய முதல் தடவை அளவுக்கே வரும்.

அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே அச்சு முறையும் முடிவாகிவிடுகிறது. கருநீலம், மரூன் போன்ற அடர்நிற அட்டையில் ஆப்செட் அச்சு எடுபடாது. அந்த மை ஒளி ஊடுருவுவது, அடியில் இருக்கும் நிறம் விழுங்கிவிடும். ஸ்க்ரீன் பிரிண்டிங் அல்லது ஃபாயில்தான் வழி. ஆனால் ஸ்க்ரீனில் எழுத்து சிறியதாக இருந்தால் ண, ணை, ளை போன்றவற்றின் சுழிகளில் மை அடைத்துப்போகும். 8 பாயின்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று இரண்டு குடும்பத்துப் பெயர்களையும் போட வேண்டுமென்றால் அதற்கு வெளிர் நிற உள்தாள் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டையை மடிப்புக்கோடு இழுக்காமல் மடித்தால் முதுகு வெடித்து வெள்ளை தெரியும். கடையிலேயே ஒரு மாதிரியை மடித்துப் பாருங்கள். லேமினேஷன் போட்ட அட்டை பார்க்கப் பளபளவென்று இருக்கும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினால் ஒட்டாது, வழிந்து கவரில் அப்பும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நீங்கள் தட்டுவது யூனிகோட், கைபேசிகளின் பொது எழுத்து முறை. பக்கம் வடிவமைக்கும் பல டிடிபி கணினிகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். மாற்றி மென்பொருள் வைத்து மாற்றினாலும் ஸ்ரீ, ஷ, க்ஷ போன்றவை சில சமயம் காணாமல் போகும். இல்லையென்றால் ஆபரேட்டர் உங்கள் செய்தியைப் பார்த்து மறுபடி தட்டுவார். ண, ன மாறுவதும் இனிஷியல் இடம் மாறுவதும் அங்கேதான். எனவே செய்தியோடு பிடிஎஃப் ஒன்றும் கொடுங்கள், ஒப்பிட ஒரு மூலம் இருக்கட்டும். ஜோதிடர் கையால் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.

ப்ரூஃப் கைபேசித் திரையில் பார்க்கும் காரியம் அல்ல. அசல் அளவில் தாளில் எடுத்து, கல்யாண வேலையில் தலையிடாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒரே நாளைக் காட்டுகின்றனவா என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் மாறும் நேரம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. சம்பந்தி வீட்டார் எதைப் பார்க்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். ப்ரூஃபில் கையெழுத்திட்ட பிறகு வரும் பிழை உங்கள் கணக்கு. அது நியாயமும்கூட.

அச்சானதும் உடனே கட்டிக் கொடுங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். பளபளப்பான தாளில் தங்க மை காய நேரம் வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் ஓர் அட்டையின் எழுத்து மேலே இருக்கும் அட்டையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு விட்டு வைக்கச் சொல்லுங்கள். கவரோடு சேர்த்து ஓர் அட்டை 60 கிராம் என்றால் 450க்கு 27 கிலோ, ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

பேரம் பேசுவதில் ஒன்றே ஒன்று சொல்வேன். ஒரு கடையில் டிடிபி செய்து கொடுத்த வடிவத்தைப் படம் எடுத்து அடுத்த கடையில் காட்டி "இதைவிடக் குறைத்து அடிப்பீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் கடைக்காரர் அரை நாள் உழைப்பைச் சும்மா கொடுத்ததாக ஆகிவிடும். விலையைப் பேசி முடித்த பிறகே வடிவமைப்பு. பாதி முன்பணம் கொடுங்கள். எடுத்துக்கொள்ளும் அன்றே மீதி.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. வில்லிவாக்கத்தில் உங்கள் வீட்டுப் பக்கம் சிறு அச்சகம் ஏதாவது இருக்கும். அவர் அட்டை வாங்குவது பெரும்பாலும் இதே ஆண்டர்சன் தெருவில்தான். நீங்கள் நேராகப் பாரிமுனை போனால் அவருடைய வேலை கைமாறுகிறது. சிறு கடை என்றால் பாரிமுனையில்தான் இருக்க வேண்டுமா என்ன? அட்டையை அங்கே வாங்கி அச்சை இவரிடம் கொடுக்கலாம். பிழை திருத்தப் பத்து நிமிட நடை போதும், அது பெரிய வசதி. ஆனால் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும்போது முதல் சில அட்டைகள் கெடும். 5 சதவீதம் அட்டை கூடுதலாகக் கொடுங்கள், அதற்கு மேல் கெட்டால் யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அடர்நிற அட்டை என்றால் அவரிடம் ஸ்க்ரீன் வசதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தாம்பூலப் பையில் நெய்யாத துணிப்பையைத் தவிருங்கள். துணி மாதிரித் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் அதற்குத் தடை வந்தது, ஆனாலும் சில கடைகளில் எடுத்துக் காட்டுவார்கள். பருத்திப் பை வாங்கும்போது ஒரு முழுத் தேங்காயைக் கையோடு கொண்டுபோய் உள்ளே போட்டுப் பாருங்கள். அடிமடிப்பு இல்லாத சிறு பையில் தேங்காய் புடைத்துக்கொண்டு நிற்கும், வெற்றிலை நசுங்கும். கைப்பிடி ஒற்றைத் தையலா, சதுரமாகச் சுற்றித் தைத்த பெட்டித் தையலா என்று இழுத்துப் பாருங்கள். பெயர் அச்சிட்டால் ஒரு பையை நனைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

வில்லிவாக்கத்திலிருந்து சென்ட்ரல் வந்து மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சாயங்காலம் வரை இருந்தால் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது, கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பும் கேளுங்கள்.

எப்போது போவது என்றால், இந்தப் புரட்டாசியிலேயே. புரட்டாசியில் கல்யாணங்கள் குறைவு, அட்டைக் கடைக்காரருக்கு உட்கார்ந்து காட்ட நேரம் இருக்கும். ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் என்.எஸ்.சி. போஸ் சாலையை அடைத்துவிடும். கார்த்திகை பிறந்தால் அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையில் இறங்கிவிடும். தைக் கல்யாணப் பத்திரிகைகளும் அப்போதுதான் குவியும். ப்ரூஃப் பார்க்கக்கூட ஆள் கிடைக்காது.