பழைய கார்டன் டிராக்டரின் புல்வெட்டும் டெக் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது, துருவும் ஏறியிருக்கிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்கிவிடலாமா?

தாராளமாகச் சரிசெய்யலாம். நான் மெக்கானிக் இல்லை. ஒஹையோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஆனால் ஒரே டெக்கை ஒரே மாதத்தில் இரண்டு முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். அந்த இரண்டாவது முறையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல ஒரு ஏக்கரோடு வீடு வாங்கியிருப்பீர்கள். பழைய வீட்டுக்காரர் ஷெட்டிலேயே டிராக்டரை விட்டுப் போயிருப்பார். பிளேடை ஓடவிட்டதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். குனிந்து பார்த்தால் துரு. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்திருப்பீர்கள்.

துரு வேறு, சத்தம் வேறு. ஈரப்புல் அடியில் அப்பிக்கொண்டே இருந்தால் தகடு துருப்பிடிக்கும். பிளேடைச் சுற்றும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், உட்காரும் இடம் கெட்டியாக இருந்தால், மற்ற ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம். சத்தம் பெரும்பாலும் பேரிங்கில்தான் இருக்கும். சாவியை எடுத்து, பிளக் வயரையும் கழற்றிவிட்டு, பெல்ட்டை விலக்கி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கெட்டுப்போனது கரகரவென்று தானே காட்டிக்கொடுக்கும்.

என்னுடையது 48 அங்குல டெக், மூன்று ஸ்பிண்டில். நடு ஸ்பிண்டில்தான் கத்தியது. மற்றவையும் அதே வயசு என்பதால் ஆறு பேரிங்கையும் மாற்றினேன். பேரிங்கிலேயே எண் இருக்கும். எனக்கு 6204, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது. எண்ணைச் சொல்லி பேரிங் கடையிலேயே வாங்கினேன். (ஒரிஜினல்தான் போடணும் என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். போடுங்கள் ஐயா, உங்கள் காசு.)

பழசைக் கழற்ற என்னிடம் பேரிங் புல்லர் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். 'சனிக்கிழமை தந்துடறேன்' என்று தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவர் வாங்கிப்போய் மூன்று வருடம் ஆகிறது. பொங்கல் விழாவில் வரிந்து கட்டிக்கொண்டு எனக்குச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறுகிறார், புல்லரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. என் ஜம்பர் கேபிளும் அவரிடம்தான். நாமாகக் கேட்டால் நாம்தான் அற்பம். சரி, விடுங்கள். சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன்.

புதுசை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன், குளிரில் ஒரு மயிரிழை சுருங்கும் என்று. கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பார்த்த மனைவி, "இதென்ன, உளுந்து வடையா?" என்றாள். பேரிங் உட்காரும் கூட்டை, அதாவது ஹவுசிங்கை, சூடு காட்டி வைத்ததும் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. தட்ட வேண்டி வந்தால் வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மேசையில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் மிச்சம் இருந்தது. ஏதோ பழைய சாமான் என்று டப்பாவில் போட்டேன். நடு ஸ்பிண்டில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றியது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபதாவது நிமிடம் பெல்ட் புகைந்தது.

அந்தக் குழாய்தான் ஸ்பேசர். இரண்டு பேரிங்கின் உள்வளையங்களுக்கும் நடுவே நிற்க வேண்டியது. அது இல்லாமல் நட்டை முறுக்கினால் உள்வளையம் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். எஞ்சினியரிங் படித்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள், என் மைத்துனர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து, டெக்குக்கு அடியில் அட்டையைப் போட்டுப் பக்கவாட்டில் தள்ளினால் போய்விடும். முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள், அப்புறம் மட்டம். பிளேடு நுனியில் அளந்தால் இடது, வலது ஒரே உயரம். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 1/8 முதல் 1/4 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். பிளேடின் வளைந்த இறக்கை மேல்நோக்கி இருக்கட்டும், தலைகீழாகப் போட்டால் புல்லை அடிக்கும், வெட்டாது.

நடுவுக்கு மட்டும் மறுபடி இரண்டு பேரிங் வாங்கினேன். அவை ஓடுவது இது நான்காவது கோடை.