பதில்: மீன் ஏலக்கூடம் ஆர்டிஐ போட்டு 30 நாள் தாண்டிருச்சு

அண்ணே, தொண்டி பக்கம் ஏலக்கூடம் கட்டி ஒரு மழைக்கே காரை பேந்துருச்சு, செலவுக் கணக்கு கேட்டு 30 நாளாகியும் பதில் வரலன்னு போட்டுருக்கீங்க, அதே மனுவ திரும்ப போடாதீங்க, அவங்களுக்கு அதுதான் வசதி. ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டம் 19(1)ல முதல் மேல்முறையீடு எழுதி அந்த ஆபீஸ் மேல்முறையீட்டு அலுவலருக்கு போய்ச் சேந்ததுக்கு ஒப்புகை கிடைக்கிற மாதிரி தபால்ல அனுப்புங்க, கெடு முடிஞ்ச 30 நாளைக்குள்ள போயிரணும். லேட் ஆக்குனது அவங்கங்கிறதால 7(6)படி நகலுக்கு காசு கேக்கக்கூடாது.

இன்னொன்னு, "ஏன் பேந்துச்சு"ன்னு கேட்டுருந்தா தகவல் இல்லன்னு கைய விரிச்சுருவாங்க. எஸ்டிமேட், எம்புக் (செஞ்ச வேலையோட அளவ எழுதி வைக்கிற புத்தகம்), பில் நகல்னு பேர் சொல்லி 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தனி மனு போடுங்க, எம்புக்குல இருக்க அளவையும் தரையில இருக்க அளவையும் டேப் புடிச்சு பாத்தாலே வண்டவாளம் தெரிஞ்சிரும். பொருளோட மாதிரி எடுக்கவும் 2(ஜே)ல உரிமை இருக்கு, கடல் மணல கலந்துருந்தா (நம்ம பக்கம் கேக்கவா வேணும்) உப்பு கம்பிய தின்னுரும், அந்த மாதிரியையும் சேத்து கேளுங்க. முதல் மேல்முறையீட்டுக்கும் அசையலன்னா 90 நாளைக்குள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு போடுங்க.