ராத்திரி வீசிங்கும் சீட்டுக் கட்டும்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து 5 தடவை நடுராத்திரியில் வீசிங் வந்து அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்ததும் சரியாகிவிடும். கடைசித் தடவை நர்ஸ், “மறுபடியும் வந்துட்டீங்களா?” என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் போட ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பழகிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது, டாக்டர்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போன வாரம் ஓர் அம்மா, ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஆறு ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து என் மேசையில் பரப்பினார். ஆறிலும் ஒரே விஷயம்: நெபுலைசர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆறு ராத்திரி, ஆறு டாக்டர்கள். நடுவில் குழந்தை எப்படி இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் சீட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, பகலில், ஒரே டாக்டரைத் தொடர்ந்து பாருங்கள்.

நெபுலைசரில் போகும் சால்புடமால், இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அதன் வேலை 4 முதல் 6 மணி நேரம்தான். குழாயின் உட்சுவர் வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைப்பது புடசோனைடு போன்ற தினசரி மருந்து. நேராக நுரையீரலுக்குப் போவதால் மைக்ரோகிராம் அளவே போதும். இது பழகிப்போகிற மருந்து இல்லை. மாமியாரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பேரன் மேல் உள்ள பயத்தில்தான் சொல்கிறார். பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

அப்புறம், இன்ஹேலரை நேராக வாயில் அடிக்கக் கூடாது. இந்த வயதில் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) மாஸ்க்கும் வேண்டும். குலுக்கிவிட்டு, மூக்கையும் வாயையும் மூடும்படி மாஸ்க்கை வைத்து ஒரு தடவை அழுத்துங்கள்; 5, 6 மூச்சு இழுக்கும்வரை எடுக்காதீர்கள். கன்னத்தோரம் இடுக்கு இருந்தால் மருந்து வெளியே போய்விடும். முடிந்ததும் வாய் கொப்பளித்து முகம் துடைக்க வேண்டும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், வலை கட்டுங்கள்.

மூச்சு வாங்கத் தொடங்கினால் வீட்டில் சால்புடமால் இன்ஹேலரை எத்தனை பஃப் (தடவை அழுத்தி) கொடுக்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். கொடுத்தும் அடங்காவிட்டால், பேச முடியாமல் திணறினால், விலா நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால் உடனே கிளம்புங்கள். ஆறாவது தடவையாகப் போகிறோமே என்று தயங்கவே தயங்காதீர்கள்.