ஊசியில் போகும் பிளாஸ்டிக் உடம்பில் தங்கிவிடுமா?

கேள்வி: அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். மாதாமாதம் லியூப்ரோலைடு டெப்போ ஊசி (மருந்து உடம்பில் மெல்ல மெல்லக் கசியும் ஊசி) போடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஊசி அடுத்த வாரம். மருந்து பிளாஸ்டிக் உருண்டைக்குள் இருக்கிறதாம். அது உடம்பிலேயே சேர்ந்துவிடாதா? மூன்று மாத ஊசியை வாங்கி மூன்றாகப் பிரித்தால் மலிவு என்கிறார் மருந்து ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: சேராது. லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் சங்கிலியாகக் கோத்த பி.எல்.ஜி.ஏ. என்ற பொருள் அது. கரையும் தையல் நூலும் இதே இனம்தான். திசுவின் நீர் உருண்டைக்குள் ஊறிச் சங்கிலியை ஆங்காங்கே அறுக்கும். அறுந்த துண்டுகள் அமிலம். உள்ளே தேங்கி, அறுபடுவதை இன்னும் விரைவாக்கும். உருண்டை இற்றுப்போகப் போக மருந்து கசியும். மிஞ்சுவது கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் வெளியேறிவிடும்.

பிரிக்கவே கூடாது. லாக்டிக் பங்கு கூடினால் நீர் ஊறுவது தாமதமாகும். பாதிக்குப் பாதி கலவை ஓரிரு மாதத்தில் கரையும். நூற்றில் 75 பங்கு லாக்டிக் என்றால் நாலைந்து மாதம். மாத ஊசியின் கலவை வேறு, மூன்று மாத ஊசியின் கலவை வேறு. மூன்று மாத ஊசியின் 11.25 மி.கி.யில் மூன்றில் ஒரு பங்கு கணக்கில்தான் மாத ஊசியின் 3.75, உடம்பில் அது மூன்று மாதத்துக்கு நீண்டு கசியும், தொடக்க மாதங்களில் நாளுக்கு வேண்டிய அளவு கிடைக்காது. கலக்கிய மிச்சத்தை எடுத்து வைப்பது அதைவிட மோசம். அதில் கிருமித் தடுப்பான் இல்லை, உருண்டைகளில் நீரும் ஊறத் தொடங்கிவிடும். கலக்கியதும் போட்டுவிட வேண்டும். ‘நானோ ஊசி’ என்று கூடுதல் விலை சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த உருண்டைகள் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு. அதைவிடச் சிறிய நானோ அளவில் செய்தால் பரப்பு கூடி மருந்து சீக்கிரம் கொட்டிவிடும்.

வெயிலில் நிறுத்திய காரில் பெட்டியை வைக்காதீர்கள். 45–50 டிகிரியில் அந்தப் பிளாஸ்டிக் இளகி உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும்; ஊசி அடைக்கும், கசியும் வேகமும் மாறும். கலக்கிய பின் கட்டி தெரிந்தால் போட விடாதீர்கள். சில பிராண்டுகளுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். இதை நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு வரி அச்சிட்டால்தான் என்ன? பில்லோடு வாங்குங்கள், பெட்டியில் உள்ளதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் ஊசிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து, புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தொடக்கத்தில் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். இறங்க 2 முதல் 4 வாரம் ஆகும். நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தால் அந்த இடைவெளி ஆபத்தானது. அந்த ஹார்மோனைத் தடுக்கும் பைகாலுடமைடு போன்ற மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டுமா என்று ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஊசிக்குப் பிறகு கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.