லைசென்ஸில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறு மாதிரி: டெக்சாஸ் பிரைமரியில் ஓட்டுப் போட முடியுமா?

கேள்வி: டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கும் அம்மாவுக்கும் போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது, இருவரும் வாக்காளராகப் பதிவு செய்துவிட்டோம். என் லைசென்ஸில் 'கவிதா முருகேசன்' என்று இருக்கிறது, வாக்காளர் அட்டையில் 'முருகேசன் கவிதா' என்று வந்திருக்கிறது. பூத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களா? அம்மாவுக்கு 71 வயது, லைசென்ஸ் காலாவதியாகி ஐந்து வருடம் ஆகிறது, தபாலில் வாக்களிக்க நினைக்கிறார். கட்சியில் பதிவு செய்யாமல் பிரைமரியில் ஓட்டே போட முடியாது என்று நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் சொல்கிறார். அப்புறம், ரிசல்ட் வந்த பிறகும் 'ரன்ஆஃப்' என்று இழுக்கிறார்களே, அது என்ன?

பதில்: முடியும். நவம்பர் தேர்தலுக்கு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மார்ச்சில் நடக்கும் தேர்தல்தான் பிரைமரி. அதில் நீங்களும் போடலாம், அம்மாவும் போடலாம். பெயர் சரியில்லையே என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடும் தமிழர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை.

முதலில் பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, அப்பா பெயர் உண்டு, குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. இங்கே உள்ள படிவங்கள் 'கடைசிப் பெயர்' கேட்டே தீரும், அதனால் ஒரு இடத்தில் அப்பா பெயர் முன்னால் போகும், இன்னொரு இடத்தில் பின்னால் வரும், சிலருக்கு விசாவிலேயே முதல் பெயர் இல்லை என்று 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) விழுந்து அது லைசென்ஸ் வரைக்கும் தொடரும். டெக்சாஸ் தேர்தல் விதி இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை, 'பெரும்பாலும் ஒத்துப்போனால்' போதும் என்கிறது. எழுத்தில் சின்ன வித்தியாசம், இனிஷியல், பழைய பெயர், முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறி இருப்பது, எல்லாம் இதில் அடங்கும். உங்களுடையது இடம் மாறிய வகை. பூத் ஊழியர் பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார், 'இரண்டும் நானே' என்று உறுதி சொல்லும் கட்டத்தில் உங்கள் இனிஷியலைப் போடச் சொல்வார், வாக்குச்சீட்டு கிடைத்துவிடும். லைசென்ஸில் பழைய முகவரி இருந்தாலும் பாதகமில்லை. ஆனாலும் தேர்தல் முடிந்ததும் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாக்காளர் பதிவு அலுவலகத்தில் பெயரைத் திருத்திவிடுங்கள், ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

ஊரில் பூத் ஸ்லிப்போடு வாக்காளர் அட்டையைக் காட்டிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே தபாலில் வரும் வாக்காளர் அட்டையில் புகைப்படம் இல்லை, அதை மட்டும் கொண்டுபோனால் போதாது. ஏற்றுக்கொள்ளப்படும் புகைப்பட அடையாளங்கள் ஏழு: டெக்சாஸ் ஓட்டுநர் லைசென்ஸ், டெக்சாஸ் அடையாள அட்டை, இலவசமாகத் தரப்படும் தேர்தல் அடையாளச் சான்றிதழ், கைத்துப்பாக்கி லைசென்ஸ், ராணுவ அட்டை, படத்தோடு உள்ள குடியுரிமைச் சான்றிதழ், அமெரிக்க பாஸ்போர்ட். கல்லூரி அடையாள அட்டை செல்லாது. துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், மாணவர் அட்டை செல்லாது என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அதுதான், உங்கள் வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் சொல்லிவையுங்கள். 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு அட்டை காலாவதியாகி நான்கு வருடத்துக்குள் இருக்க வேண்டும், 70 தாண்டியவர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அதனால் அம்மா நேரில் போனாலும் அந்தப் பழைய லைசென்ஸே போதும்.

ஏழில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, அது சும்மா வந்துவிடவில்லை. 2011-இல் இந்தப் புகைப்பட அடையாளச் சட்டம் நிறைவேறியது, 2012-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. 2013-இல் ஷெல்பி கவுன்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முன் அனுமதி முறையை (டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் கூட்டாட்சியின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதை) முடக்கியதும் டெக்சாஸ் உடனே அமலுக்குக் கொண்டுவந்தது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பின, லத்தீன் வாக்காளர்களை இது பாகுபாடாகப் பாதிக்கிறது என்று சொன்ன பிறகுதான் தளர்வு வந்தது, 2018 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. 'நியாயமான காரணத்தால் அடையாளம் பெற முடியவில்லை' என்று ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பெயரும் முகவரியும் உள்ள மின்கட்டண ரசீது, வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு மாதிரி ஒன்றைக் காட்டினால் போதும், வாக்காளர் அட்டையும் இங்கே செல்லும். அந்தக் காரணம் நியாயம்தானா என்று ஊழியர் உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் லைசென்ஸ் வீட்டில் மறந்துவிட்டது என்பதற்கு இந்தப் படிவம் இல்லை, பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் குற்றம். மறந்திருந்தால் வீட்டுக்குப் போய் எடுத்துவாருங்கள், இல்லையென்றால் தற்காலிக வாக்கு போட்டுவிட்டு ஆறு நாளுக்குள் கவுன்ட்டி அலுவலகத்தில் அடையாளத்தைக் காட்டுங்கள்.

நீங்கள் புதுக் குடிமக்கள் என்பதால் இன்னொன்று. 2019 ஜனவரியில் டெக்சாஸ் அரசு சுமார் 95,000 வாக்காளர்களைக் குடிமக்களாக இல்லாமல் இருக்கலாம் என்று சந்தேகப் பட்டியலில் போட்டது. லைசென்ஸ் எடுக்கும்போது கிரீன் கார்டு காட்டியிருந்து, பிறகு குடியுரிமை பெற்றவர்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வழக்குகள் வந்து, அந்த ஏப்ரலிலேயே அரசு அதைக் கைவிட்டது. ஆகவே லைசென்ஸ் அலுவலகத்திலும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலும் குடியுரிமை விவரத்தைப் புதுப்பித்துவிடுங்கள், கவுன்ட்டியிலிருந்து கடிதம் ஏதாவது வந்தால் அன்றைக்கே பிரித்துப் படியுங்கள். வீட்டில் யாராவது இன்னும் கிரீன் கார்டிலோ எச்1பியிலோ இருந்தால், லைசென்ஸ் கவுன்ட்டரில் 'வாக்காளராகப் பதிவு செய்யவா' என்று கேட்கும்போது தெளிவாக வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள், தெரியாமல் செய்தேன் என்றாலும் நாடு கடத்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது.

சரி, அம்மாவின் தபால் வாக்கு. 65 வயது தாண்டியவர் என்பதால் அவருக்கு உரிமை உண்டு. எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை. 2021-இல் வந்த சட்டப்படி தபால் வாக்கு விண்ணப்பத்திலும், வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையிலும் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு எண்களையோ எழுத வேண்டும், அது பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பிறகு நடந்த முதல் பிரைமரியில், 2022 மார்ச்சில், கிட்டத்தட்ட 25,000 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, வந்ததில் 12 சதவீதத்துக்கும் மேல். எண் எழுதும் இடம் உறையின் மடிப்புக்கு அடியில் இருந்ததால் பலர் பார்க்கவே இல்லை. பலர் எழுதினார்கள், ஆனால் பதிவேட்டில் இருந்தது வேறு எண். பல வருடம் ஒழுங்காக ஓட்டுப் போட்ட பெரியவர்களின் வாக்குகள் இப்படி எண்ணப்படாமலே போயின. அதனால் அம்மா இரண்டு எண்ணையும், விண்ணப்பம், உறை இரண்டிலும் எழுதட்டும். லைசென்ஸ் காலாவதியானாலும் அந்த எண் செல்லும். விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்பே கவுன்ட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், எந்தக் கட்சியின் பிரைமரி என்று அதிலேயே குறிக்க வேண்டும். தவறு இருந்தால் தகவல் வரும், தேர்தல் முடிந்து ஆறு நாள் வரை திருத்தலாம்.

கட்சி விஷயத்தில் அண்ணன் வேறு ஊர்க் கணக்கைச் சொல்கிறார். நியூயார்க்கில் ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் பிப்ரவரி நடுவிலேயே கட்சியைப் பதிவு செய்திருக்க வேண்டும், கெடு கடுமையானது. நியூஜெர்சியிலும் கட்சிப் பதிவு உண்டு, ஆனால் எந்தக் கட்சியிலும் சேராதவர் தேர்தல் நாளன்று பூத்திலேயே சொல்லிவிட்டுப் போடலாம். டெக்சாஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. பூத்துக்குப் போனதும் 'குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா' என்று கேட்பார்கள், ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க அந்தக் கட்சியோடு கணக்கு, ஆனால் நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். எந்தக் கட்சியின் பிரைமரியில் கலந்துகொண்டீர்கள் என்பது பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். வாக்குச்சீட்டின் கடைசியில் 'இதை ஆதரிக்கிறீர்களா' என்று சில தீர்மானங்கள் இருக்கும், அவை கட்சி கேட்கும் கருத்துக்கணிப்பு மட்டும்தான், சட்டமாகாது.

ஊரில் சீட் யாருக்கு என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும், இங்கே அதை நாம் முடிவு செய்கிறோம், பிரைமரியின் அருமையே அதுதான். டெக்சாஸில் 1994-க்குப் பிறகு மாநில அளவிலான எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி ஜெயித்ததில்லை. பல தொகுதிகளில் ஏதோ ஒரு கட்சி அசைக்க முடியாத பலத்தில் இருப்பதால் உண்மையான போட்டி மார்ச்சிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் 2022 மார்ச்சில் பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை.

ரிசல்ட்டைப் பார்க்கும்போது யார் முன்னிலை என்பதைவிட, 50 சதவீதத்தை யாராவது தாண்டினாரா என்று பாருங்கள். தாண்டவில்லை என்றால் முதல் இரண்டு பேரும் மே மாதக் கடைசியில் மறுபடி மோதுவார்கள், அதுதான் ரன்ஆஃப். 2012-இல் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் டேவிட் டூஹர்ஸ்ட் சுமார் 45 சதவீதம், டெட் குரூஸ் 34. இரண்டு மாதம் கழித்து நடந்த ரன்ஆஃபில் குரூஸ் 57 சதவீதம் வாங்கி ஜெயித்தார். 2022-இல் 28-ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியின் ஜனநாயகக் கட்சி ரன்ஆஃபில் ஹென்றி குவேயார், ஜெசிகா சிஸ்னெரோஸ் இருவருக்கும் இடையே மறுஎண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் 289 வாக்குகள். முதல் நாள் இரவு வருவது அதிகாரப்பூர்வ முடிவு இல்லை, தற்காலிக வாக்குகளும் திருத்தப்பட்ட தபால் வாக்குகளும் பிறகுதான் சேரும்.

மார்ச்சில் ஒரு கட்சிக்குப் போட்டவர் மே மாதத்தில் அடுத்த கட்சியின் ரன்ஆஃபில் போட முடியாது. மார்ச்சில் போகவே இல்லை என்றால் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். அம்மா தபால் வாக்கு விண்ணப்பத்தில் 'ஆண்டு முழுவதும்' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டால், ரன்ஆஃபுக்கான சீட்டும் நவம்பர் சீட்டும் தனியாகக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடும், அப்போதும் அந்த உறை மடிப்பைத் திறந்து எண்ணை எழுத வேண்டும்.