வேதாகமத்தில் குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் வசனங்களைப் படித்த பிறகும் எப்படி விசுவாசத்தில் இருக்கிறீர்கள்?

எனக்கு மிகவும் கஷ்டமான இடம் 1 சாமுவேல் 15. இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியரில் ஆண், பெண், பால்குடிக்கும் பிள்ளை யாரையும் விடாதே என்று கர்த்தர் சொன்னதாக தீர்க்கதரிசி சாமுவேல் இஸ்ரவேலின் ராஜா சவுலிடம் சொல்கிறார். ஆடு, மாடு, ஒட்டகம், கழுதைகூட மிஞ்சக் கூடாது. சவுல் அவர்களுடைய ராஜாவையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிடுகிறான். அதற்காக அவனுடைய ராஜ்யமே பறிபோகிறது. குழந்தைகளுக்காக அந்த அதிகாரத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அந்த ஜனங்கள் அவ்வளவு பொல்லாதவர்கள்" என்று பிரசங்கத்தில் சொல்லும் சமாதானம் எனக்கு ஒத்துவரவே இல்லை. பால்குடி என்ன பாவம் செய்தது?

சரித்திரம் கொஞ்சம் கைகொடுக்கிறது. இஸ்ரவேலின் பக்கத்து நாடான மோவாபை கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ராஜா மேசாவின் கல்வெட்டு 1868இல் கிடைத்தது. இஸ்ரவேலரின் நேபோ ஊரைப் பிடித்து 7,000 பேரைக் கொன்றதாகவும், இஸ்ரவேல் அடியோடு அழிந்ததாகவும் அதில் மார்தட்டுகிறான். இஸ்ரவேல் அழியவில்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் போரைப் பற்றி அப்படித்தான் பேசினார்கள். வேதாகமத்திலும் இது தெரிகிறது. 15ஆம் அதிகாரத்தில் பூண்டோடு ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட அமலேக்கியர் 1 சாமுவேல் 30இல் வந்து சிக்லாகு ஊரையே கொளுத்துகிறார்கள். அவர்களில் 400 பேர் ஒட்டகமேறித் தப்பியும் விடுகிறார்கள். சரி, செத்தவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் கொல்லச் சொன்னது யார் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

அங்கே என்னைத் தாங்குவது லூக்கா 9. சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்கவில்லை. அவருடைய சீஷர்கள் யாக்கோபும் யோவானும், தீர்க்கதரிசி எலியா செய்ததுபோல வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கட்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வேத ஆதாரம் இருந்தது, 2 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில். இயேசு திரும்பிப் பார்த்து அவர்களை அதட்டுகிறார். அப்புறம் வேறு கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். வசனம் கையில் இருந்தும் அவர் 'கூடாது' என்றது எனக்குப் பெரிய விஷயம்.

அதற்காகப் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட முடியாது. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் அதைத்தான் செய்தார், சபை அவரை விலக்கியது. கர்த்தர் அழிக்கவிருந்த சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் கர்த்தரிடமே நியாயம் கேட்டு வாதாடுவதும் அதே பழைய ஏற்பாட்டில்தானே இருக்கிறது? நானும் அமலேக்கியக் குழந்தைகளுக்காக ஜெபத்தில் அப்படித்தான் கேட்கிறேன். அது தேவ கட்டளை என்று சாமுவேல் மனதார நம்பினார் என்பதுவரை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேல் போக, இயேசுவை அறிந்த பிறகு, என்னால் முடியவில்லை.